மூன்று மணி வரைக்கும்

மூன்று மணி ஆக இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம். ஐம்பத்தைந்து நிமிடம் ஒரு பெரிய நேரமா, தென்காசியில் பஸ் ஏறினால் பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வந்திருக்கும், ஒரு கோழித்தூக்கம் போட்டு எழுந்தாலே போச்சு. ஆனால் இங்கே ஊரும் இல்லை, ஊர்ப் பேர் எழுதின பலகையும் இல்லை, சாலை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் யாரோ சிவப்பு வேட்டியை வெயிலில் காயப்போட்டு நடுவில் ஒரு கறுப்புக்கோடு இழுத்துவிட்ட மாதிரி. எனக்கும் என் மனைவி உலகுவுக்கும் நடுவே, வண்டியில் காபிக் கோப்பை வைக்கிற குழியில், அவளுடைய போன் நின்றுகொண்டிருக்கிறது. அதன் முகத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, புள்ளிக்குள் ஒன்று என்ற எண். கயென்டா என்ற ஊரில் பெட்ரோல் போடும்போது சிக்னல் கிடைத்ததும் அது வந்து உட்கார்ந்துகொண்டது. பீனிக்ஸ் கிளினிக்கின் நர்ஸ் பேசி வைத்திருக்கும் வாய்ஸ் மெயில். நேற்றுக் காலை வழியில் ஒரு லேபில் உலகு கொடுத்துவிட்டு வந்த ரத்தம் என்ன சொன்னது என்று அதற்குள் இருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவளுக்குள் வைத்த கரு நின்றதா, நிற்கவில்லையா. உறையவைத்திருந்த மூன்றில் இது மூன்றாவது, கடைசி. அதைக் கேட்கக் கூடாது. ஏனென்றால் இன்று வியாழக்கிழமை, ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு வரி: அந்த நேரத்துல நல்லதோ பொல்லாதோ காதுல வாங்கிராதீங்க. நான் சாமிக்கும் ராகுவுக்கும் பயப்படுகிறவன் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவன். ஆனால் பெட்ரோல் பங்கில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் முதலில் நான்தான் சொன்னேன், "மூணு மணி ஆயிரட்டுமே" என்று. உலகு என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஆகட்டும் அத்தான்" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இங்கே ஏப்ரல் என்றால் காற்று என்று சொன்னார்கள், வசந்தம் என்றதும் நான் பூவை நினைத்துக்கொண்டேன், பூவும் இருக்கிறது, சாலை ஓரத்து மணலில் நம்மூர்த் துத்திப்பூ மாதிரியே, அதே அளவு, அதே ஐந்து இதழ், நிறம் மட்டும் செங்கல்லும் மஞ்சளும் கலந்தது. தூரத்தில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோசை மாதிரி. பாறைகளுக்கு நடுவே திடீரென்று பூமி பிளந்து கீழே போகிறது, எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு நூல் பச்சை, அங்கே எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். நேற்று அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் இந்த நாட்டுக்குள் நுழைந்தபோது ஒரு மணி நேரம் காணாமல் போனது. போனில் நான்கு என்று பார்த்த நேரம் மறுநிமிடம் ஐந்தாகிவிட்டது. அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை, இவர்கள் திருப்புகிறார்கள், அதனால் இவர்கள் ஒரு மணி நேரம் முந்தி வாழ்கிறார்கள் என்று ஓட்டலில் சாவி கொடுத்த அம்மாள் சொன்னாள், ஒரு ஊர்க்கதை சொல்வது போல. இரவு சாப்பாட்டுக்கு நாங்கள் போனபோது அடுப்பை அணைத்துவிட்டிருந்தார்கள். பிரெட்டும் உலகுவின் நார்த்தங்காய் ஊறுகாயும்தான். அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிருக்கும், யார் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று படுத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன்.

"கதையை விட்டுட்டீங்களே" என்கிறாள் உலகு. ஆமாம், கதை ஒன்று சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் கதை சொன்னால் கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும், ம் நின்றால் கதை நின்றுவிடும், கதைக்குள் இருக்கிறவர்கள் தூக்கின காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பார்கள். கல்யாணமான புதிதில் உலகுவுக்கு இது தெரியாமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள், நான் பாதியில் நிறுத்திவிட்டு அவள் தூங்கிவிட்டாள் என்று போர்வை போர்த்தினேன். "எங்க விட்டேன்?" "ஆறு வந்து பாறைட்ட வழி கேட்டுச்சு." "ஆங். ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். கடலுக்குப் போகணுமாம். குறுக்க ஒரு பாறை. அய்யா, செத்த தள்ளி நில்லுங்கன்னு கேட்டுச்சாம்." "ம்." "மாட்டேன் போன்னுட்டாம் பாறை." "ம்." "ஆறு கோவிச்சுக்கல. சரிய்யா, நான் இங்கனயே நிக்கேன், மனசு வரும்போது சொல்லுங்கன்னு மெதுவாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம் இல்ல, ஆறு கோடி வருசம்." "ம்." "கடைசில பாறை மனசு தேஞ்சு, இந்தா போய்த் தொலைன்னு நடுவுல விலகிட்டாம். அதான் இந்தப் பள்ளத்தாக்கு." உலகு ம் சொல்லவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள், தோள் குலுங்குவதில் தெரிகிறது. "உங்க சாதி ஆறு அத்தான் அது. சத்தம் போட்டுக் கேட்டா ஒரு நாள்ல முடியுத காரியம், மெதுவாக் கேட்டுக் கேட்டு ஆறு கோடி வருசம். அதுக்குள்ள கடலே வத்திப் போயிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறாள். நானும் சிரித்தேன். ஆபீஸில் என் பேர் முப்பிடாதி என்று சொல்ல வராமல் மப்பி என்கிறார்கள், ஏழு வருடமாக நானும் திருத்தவில்லை, இவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், "அம்மன் பேரை வச்சுக்கிட்டு மப்பி கிப்பின்னு கூப்பிட்டாலும் சரின்னு போற ஒரே ஆளு நீங்கதான்" என்று. அது சிரிக்கிற விஷயம். இப்போது அவள் சொன்னது அது இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

தெரிந்ததை நினைக்காமல் இருக்க ஊசியை நினைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு நாளாக, அதற்கு முன் ஐந்து நாளாக, தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு உலகுவின் இடுப்புக்குக் கீழே நான் ஊசி போடுகிறேன். எண்ணெயில் கரைத்த மருந்து. என்ன எண்ணெய் என்று முதல் நாள் சீசாவைத் திருப்பிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லெண்ணெய். எள்ளு. அத்தை எள்ளுருண்டையைக் கண்ணால் பார்க்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள், எள்ளு சூடு, கலைத்துவிடும் என்று, இங்கே என்னடா என்றால் டாக்டர் செக்கில் ஆட்டி உள்ளே ஏற்றுகிறார் என்றாள். சீசாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கட்டியாக நின்று வலிக்கும். நான் உருட்டுவேன், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "போட்டாச்சா" என்பாள், "இன்னும் இல்ல" என்பேன், "இப்பம்?" "இப்பமும் இல்ல", போட்டு எடுத்திருப்பேன். அந்த ஒரு காரியத்தில் நான் கெட்டிக்காரன். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டு இப்போது நீலமும் மஞ்சளுமாக, இந்த மலைகளைப் போலத்தான், அடுக்கடுக்காக. ஊசி எனக்குப் போட்டிருக்க வேண்டும். இந்த இடத்தில் வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழியும். ஊசி எனக்குப் போட்டிருக்க வேண்டும், குறை என்னுடையது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர் தாளை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்துச் சொன்னார், உயிரணு மிகமிகக் குறைவு, இருப்பதும் நீந்தவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நான் வாய் திறப்பதற்குள் உலகு சொன்னாள், "ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டாம் அத்தான். நான் பாத்துக்கிடுதேன்." நான் சரி என்றேன். மப்பி என்றாலும் சரி என்கிற அதே சரி.

அவள் பார்த்துக்கொண்டாள். என் தங்கச்சிக்கு வளைகாப்பு, நாங்கள் லீவு போட்டுப் போயிருந்தோம், கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று சந்தனம் தடவி வளையல் போடுகிறார்கள். உலகு பச்சைப் பட்டு உடுத்தி, தானும் இரண்டு டஜன் வளையல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கிறாள். அம்மா வந்தாள், கோபமே இல்லை, அன்பாகத்தான், "உலகு, நீ செத்த அடுப்பப் பாத்துக்கம்மா, புளிச்சோத்துக்குத் தாளிச்சுக் கொட்டணும்" என்றாள். உலகு வளையலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஆண்கள் பக்கம் இலைமுன்னால் உட்கார்ந்திருந்தேன். என் பெட்டியில், சட்டைக்கு அடியில், அந்தத் தாளின் நகல் இருந்தது. எழுந்து கூடத்துக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தேங்காய்ச்சோறு வைத்தார்கள், சாப்பிட்டேன். எலுமிச்சைச்சோறு வைத்தார்கள், சாப்பிட்டேன். பிறகு புளிச்சோறு வந்தது, அவள் தாளித்தது, கடுகு கொஞ்சம் கரிந்திருந்தது, அதையும் சாப்பிட்டேன். இப்போது அம்மா இன்னொன்று ஏற்பாடு செய்திருக்கிறாள். இந்தத் தடவையும் நிற்கவில்லை என்றால் மே மாதம் உலகு மட்டும் ஊருக்கு வர வேண்டும், கடையநல்லூர்ப் பக்கம் ஒரு வைத்தியர், நாற்பத்தெட்டு நாள் கசாயம், உப்பில்லாப் பத்தியம், வாரம் ஒருநாள் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய என்னவோ ஒரு மருந்து. எதை, எங்கிருந்து சுத்தம் செய்வது? "போறேன், என்ன இப்பம், எடையாவது குறையும்" என்று உலகு போனிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதனால் அந்தச் சிவப்புப் புள்ளிக்குள் இருப்பது கரு மட்டும் இல்லை. ஆமாம் என்று இருந்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியது இல்லை, எல்லாம் மறந்துபோகும், பிள்ளை முகத்தைப் பார்த்தால் தாளை யார் தேடப்போகிறார்கள். இல்லை என்று இருந்தால் அவள் நாற்பத்தெட்டு நாள் என் கசாயத்தைக் குடிக்க வேண்டும். நான் பிள்ளையை வேண்டிக்கொள்கிறேனா, வாய் திறக்காமல் தப்பித்துக்கொள்வதை வேண்டிக்கொள்கிறேனா? ரேடியோவில் நவஹோ மொழியில் ஒருவர் நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறார், ஆட்டு விலையோ மரண அறிவிப்போ, ஒரு சொல்லும் புரியாததால் ஆறுதலாக இருக்கிறது.

ஒரு வளைவில் வண்டி நிறுத்த இடம் விட்டிருந்தார்கள், நிறுத்தினேன். இரண்டு இருபத்தைந்து. நான் வேலி ஓரம் போய்ப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன், கீழே கீழே கீழே, நிழல் ஒரு பக்கச் சுவரில் பாதி ஏறியிருந்தது, ஒரு காக்கை எனக்குக் கீழே பறந்தது, காக்கையின் முதுகைப் பார்ப்பது கனவில்தான் நடக்கும். திரும்பினேன். உலகு டிக்கியைத் திறந்து, ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, முழங்காலில் ஒரு முட்டுக் கொடுத்து, பக்கத்துச் சிமெண்டு மேடையில் வைத்தாள். வைத்துவிட்டு மூடியைத் திறந்து தண்ணீர்ப் பாட்டில் எடுத்து, அண்ணாந்து குடித்தாள். பன்னிரண்டு நாளாக உலகு நிறைகுடம் சுமக்கிறவள் மாதிரி நடந்தாள். கைப்பையைக்கூட நான்தான் தூக்கினேன், மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு விட்டாள், தும்மல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்மினாள். அந்தப் பெட்டி பதினைந்து கிலோ இருக்கும். மறந்துவிட்டாளா? மறக்கக்கூடியதா? "ஏளா, அத எதுக்குத் தூக்குத?" என்றேன். "எத?" என்றாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "கனமே இல்ல அத்தான், ஐஸெல்லாம் உருகிட்டு" என்றாள். தண்ணீர் குடித்தோம். ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதி எனக்குக் கொடுத்தாள். பெட்டியை நான் தூக்கி உள்ளே வைத்தேன், கனமாகத்தான் இருந்தது. ஐஸ் உருகினால் தண்ணீர் ஆகிறது. தண்ணீர் பெட்டிக்குள்தானே கிடக்கிறது, கனம் எங்கே போகும்?

கனம் எங்கே போகும், கனம் எங்கே போகும், சக்கரம் இதையே சொல்லிக்கொண்டு ஓடுகிறது. கயென்டாவில் நான் கழிப்பறை வரிசையில் நின்றேன், ஒரு சுற்றுலாப் பஸ்ஸே எனக்கு முன்னால் நின்றது, இருபது நிமிடம் இருக்கும். போன் அவள் கையில் இருந்தது. ஆனால் சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கிறதே, கேட்டிருந்தால் அது போயிருக்க வேண்டுமே. நான் திரும்பி வந்தபோது அவள் வண்டிக்கு வெளியே காற்றுக்கு முகம் கொடுத்து நின்றாள், கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றாள், இரண்டு கண்ணிலுமா? இல்லை, நான் கதை கட்டுகிறேன், எனக்கு இது ஒரு வியாதி. பெட்டியை மறந்துபோய்த் தூக்கியிருப்பாள். மனுஷிதானே. ஒருவேளை நல்ல செய்தியாக இருந்து, அந்த சந்தோஷத்தில் தூக்கியிருந்தால்? நல்ல செய்தி என்றால் இன்னும் மெதுவாக அல்லவா நடப்பாள்? இரண்டு நாற்பது. மரங்களே இல்லாத இடத்தில் ஒரு குதிரை, சேணம் இல்லாமல், சாலையைக் கடக்கலாமா என்று நின்றுகொண்டிருக்கிறது. நான் வேகத்தைக் குறைத்தேன். குதிரை கடக்கவில்லை. இரண்டு நாற்பத்தெட்டு. உலகுவின் கை மடிமேல் இருக்கிறது, வயிற்றின்மேல் இல்லை, எத்தனை நேரமாக வயிற்றின்மேல் இல்லை? நான் இன்னும் மெதுவாக ஓட்டுகிறேன். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடிக்காமல் தாண்டிப் போகிறது. மெதுவாக ஓட்டினால் மூன்று மணி மெதுவாக வருமா என்ன, கூறுகெட்டவனே. இரண்டு ஐம்பத்தேழு. தூரத்தில் பேஜ் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. "உலகு, மூணு ஆவப்போவுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குக் காட்டினாள். ஒன்று ஐம்பத்தெட்டு. நேற்று போன ஒரு மணி நேரம், நவஹோ எல்லையில் எங்களுக்காகக் காத்திருந்து திரும்ப ஏறிக்கொண்டுவிட்டது. திரும்பி வரும்போது கிடைக்கும் என்று ஓட்டல்கார அம்மாள் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். "அப்பம் ராகுகாலம்?" என்றேன். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ராகு எந்த ஊர் டயம் பாப்பாரு அத்தான்? நவஹோவா, அரிசோனாவா, தென்காசியா?" சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்தேன், இரண்டு பேரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், இன்னும் ஒரு மணி நேரம், தெரியாமல் இருக்க இன்னும் ஒரு முழு மணி நேரம், யாரும் இதைப் பறிக்க முடியாது, பேஜுக்குப் போய்ச் சாப்பிடலாம், ஆற்றைப் பார்க்கலாம், நான் இன்னொரு கதை சொல்லலாம், அவள் ம் கொட்டுவாள். பிறகு பார்த்தால் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். "எனக்கு இன்னொரு மணி நேரம் தாங்காது அத்தான்" என்றாள். வண்டியை ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்ததும் காற்றின் சத்தம் உள்ளே வந்தது. "நான் அந்த வாய்ஸ் மெயிலக் கேக்கல. கயென்டாலேர்ந்து நர்ஸையே கூப்பிட்டுட்டேன். நிக்கல." "எனக்குத் தெரியும்" என்றேன். "எப்படி?" "பெட்டியத் தூக்குனியே." அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ அவைதான் காட்டிக்கொடுத்தன என்பது போல. "நீங்க அந்த ஆத்துக் கதைய ஆரம்பிச்சுட்டீங்க. அத்தன சந்தோசமாச் சொல்லிட்டு வந்தீங்க. சவம், மூணு மணி வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." அவள் அழவில்லை. அழுகையைக் கயென்டாவிலேயே முடித்திருந்தாள், நான் வரிசையில் நின்ற இருபது நிமிடத்தில், தனியாக. அடுப்படியிலும் தனியாகத்தான் நின்றாள். "மே மாசம் டிக்கெட் பாத்துருங்க அத்தான். அதையும் முடிச்சிருவோம்" என்றாள்.

என் போனை எடுத்தேன். அம்மாவின் பேருக்குள் போய், குரல் பதிவை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை, விரலை எடுக்கப் போனேன், உலகு என் விரலை மேலே தள்ளிப் பதிவை நிறுத்தி, போனை வாங்கி, அனுப்புவதற்கு முன் போட்டுக் கேட்டாள். வெறும் காற்று. காற்றுக்கு அடியில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி ஒன்று. "ஒரு எழவும் கேக்கல" என்றாள். "என்ன சொன்னீங்க?" நான் கண்ணாடியை ஏற்றினேன். மறுபடியும் அழுத்தினேன். எனக்கு முப்பத்து நாலு வயது, இந்த முப்பத்து நாலு வருடத்தில் நான் யாரிடமும் சத்தம் போட்டது இல்லை, சத்தம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, தேடி எடுக்க வேண்டியிருந்தது. "அம்மா, நான் முப்பிடாதி. இந்தத் தடவையும் நிக்கல. உலகு மருந்துக்கு வர மாட்டா. அவளுக்குக் குறை ஒண்ணும் இல்ல. குறை எனக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே டாக்டர் சொல்லிட்டாரு, நான்தான் சொல்லல. வளைகாப்பன்னைக்கு அவள அடுப்படிக்கு அனுப்புனியே, அப்பமும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் சாப்பிட்டேன்." கடைசி வரியில் குரல் உடைந்து கத்தலாகிவிட்டது. விரலை எடுத்துவிட்டேன். போய்விட்டது. உலகு என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ புது ஆள் வண்டியில் ஏறிவிட்டது போல. பிறகு தணிந்த குரலில், "அங்க மணி ரெண்டரை, விடியக்காலை. அத்தை எந்திரிச்சுக் கோலம் போட அஞ்சு ஆகும். அழிக்கணும்னா இன்னும் நேரம் கெடக்கு" என்றாள். நேரம் கிடக்கிறது. எனக்கு எப்போதுமே நேரம் கிடந்தது. அழிக்கவா என்று ஒரு மனசு கேட்டது, ஆமாம், அந்த நிமிடத்திலும் கேட்டது. விரலைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவுக்குக் கீழே இருந்த இரண்டு டிக் குறியும் நீலமாகிவிட்டன. அம்மா தூங்கவில்லை. எங்கள் மூன்று மணிக்காக அவளும் அங்கே இருட்டில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொள்ளும் சத்தம். "அம்மா" என்றேன். "உன்ட்ட எனக்குப் பேச்சு இல்ல" என்றாள். "உலகுட்டக் குடு."

கொடுத்தேன். உலகு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாள், காற்று அவள் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தது, அதைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மணலில் நடந்தாள். நான் இறங்கவில்லை. ஒரு சொல்லும் கேட்கவில்லை. முதலில் வெகுநேரம் தலை குனிந்து நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள், அழுகிறாள் என்று நினைத்து நான் கதவில் கை வைத்தேன், அதற்குள் எழுந்துவிட்டாள். எழுந்து, இந்தப் பக்கம் நான்கு அடி, அந்தப் பக்கம் நான்கு அடி நடந்துகொண்டே, விரலை நீட்டி நீட்டி வண்டியைக் காட்டி என்னவோ சொன்னாள், நிறுத்தி அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டாள், தலையைத் தலையை ஆட்டினாள், மறுபடியும் விரல் நீட்டினாள். இரண்டு வருடத்தில் அவள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து யாரையோ திட்டுகிறார்கள். அது நானாக இருக்கட்டும் என்று, எந்தச் சாமி என்று தெரியாமல், வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.